ஓடுபாதைக்கு அந்தப் பக்கத்துக் கடை

ஒரு நாட்டை விட்டுப் போவதற்கான விலை இருபத்தைந்து டாலர். ஆஸ்திரேலிய டாலர். பெபெதுவா அதை முப்பதுக்கு விற்றாள்.

அதில் அநியாயம் ஒன்றுமில்லை. குலுக்கலில் பெயர் போட வேண்டுமானால் இணையத்தில்தான் போட வேண்டும். பணத்தை அட்டையில்தான் கட்ட வேண்டும். நடுக்கடல் தீவான ஃபுனாஃபுட்டியில் முக்கால்வாசிப் பேருக்கு அட்டை என்பது வெள்ளைக்காரன் சட்டைப் பையில் பார்த்த சாமான். கையில் நோட்டு இருந்தால் நோட்டு, இல்லாவிட்டால் சொந்தக்காரன் கடை, அப்படித்தான் ஊர் ஓடிக்கொண்டிருந்தது. பெபெதுவாவிடம் மெல்பர்னில் இருக்கும் தங்கை மகன் லபானாவின் அட்டை எண் இருந்தது. கூரைமேல் வானத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு இணையத் தட்டு இருந்தது. அதற்குக் கீழே பழைய கணினி ஒன்றும் இருந்தது. ஐந்து டாலர் என்பது தட்டுக்கு வாடகை, கணினிக்கு மின்சாரம், லபானாவின் பொறுமைக்குக் கமிஷன்.

கடல் ஏறுகிறது என்று இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசிக் கையெழுத்துப் போட்டதில் வந்த ஏற்பாடு அது. வருஷத்துக்கு இருநூற்றெண்பது பேர் ஆஸ்திரேலியா போய் நிரந்தரமாகக் குடியிருக்கலாம். ஊரிலும் மற்றத் தீவுகளிலும் சேர்த்து இருப்பது பத்தாயிரம் பேர்தான். ஜூன் மாதம் முதல் குலுக்கலுக்குப் பெயர் வாங்க ஆரம்பித்ததும் பெபெதுவாவின் கடை வாசலில் தொடங்கிய வரிசை தென்னை மரத்தைச் சுற்றிக்கொண்டு போனது.

மறுநாள் காலை, விமான ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் இருந்த நீலக் கதவுக் கடையின் பலகையில் சாக்பீஸால் எழுதியிருந்தது: 'குலுக்கல் 28.'

அது லோசலின் கடை. லோசலின் பெபெதுவாவுக்கு நாத்தனார். செத்துப்போன கணவன் கிலிஃபியின் தங்கை. அவளுக்கும் ஒரு அட்டை இருந்தது, பிரிஸ்பேனில் இருக்கும் மகள் சியூலாவுடையது.

பெபெதுவா தன் பலகையில் இருபத்தேழு என்று எழுதினாள். மத்தியானம் அந்தப் பக்கம் இருபத்தாறு ஆனது. சாயங்காலம் இவள் இருபத்தைந்துக்கு இறங்கினாள்; லாபம் போய் லபானாவின் கமிஷனும் போயிற்று. அடுத்த நாள் அங்கே இருபத்தைந்தோடு ஒரு மீன் டின் இலவசம். இவள் இரண்டு நூடுல்ஸ் பாக்கெட்டும் ஒரு குளிர்ந்த சோடாவும் என்றாள். ஆஸ்திரேலியா எந்தத் திசையில் இருக்கிறது என்று கவலைப்படாதவர்கள்கூட வரிசையில் வந்து நின்றார்கள்.

"எனக்கு எதுக்கும்மா ஆஸ்திரேலியா?" என்றார் மீன்பிடிக்கிற பாய்சி. "அங்க எவன் என்னைப் படகுல ஏத்துவான்? சோடா எடு. ஆமா, இங்க ஒருதரம் அங்க ஒருதரம்னு ரெண்டு தடவ போடலாமா?"

"ஒரு ஆளுக்கு ஒரு தடவதான் தாத்தா."

"அப்ப மீன் டின் போச்சா?"

"போச்சு."

"முன்னாடியே சொல்லக்கூடாதா? அங்கயே போயிருப்பேனே."

தங்கள் வாடிக்கைக்காரர்களைத் தங்கள் காசிலேயே ஊரைவிட்டு அனுப்பிவைக்கப் போட்டி போட்ட வியாபாரிகள் உலகத்தில் இவர்கள் இரண்டு பேராகத்தான் இருக்கும். பெபெதுவாவுக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனால் எதிர்க்கடைப் பலகையில் இருபத்தாறு என்று இருக்கும்போது அறிவு எங்கே வேலை செய்கிறது? எல்லார் பெயரையும் போட்டவள் தன் பெயரைப் போடவில்லை. கேட்டவர்களுக்கு ஒரே பதில்தான். "நான் விக்கிறவ. விக்கிற சரக்கை நானே தின்னா கடை என்னாகிறது?"

சண்டை ஒரு ஃப்ரீசரால் வந்தது.

கிலிஃபி ஜெர்மன்காரர்களின் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன். வருஷத்தில் இரண்டு மாதம் வீட்டில் இருப்பான், மீதியெல்லாம் தண்ணீரில். ஒரு தடவை வந்தபோது மேலே மூடி திறக்கிற பெரிய வெள்ளை ஃப்ரீசர் ஒன்றைக் கொண்டுவந்தான். அதில் கோழிக்காலைப் போட்டு பெபெதுவா கடை ஆரம்பித்தாள். குழந்தை இல்லை, கடைதான் வளர்ந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை நோயில் கிலிஃபி வீட்டிலேயே செத்தான். கடைக்குப் பக்கத்திலேயே, தகரக் கூரை போட்ட சமாதியில் இருக்கிறான்.

அடக்கம் முடிந்த வாரம் லோசலின் நாலு ஆண்களோடு வந்தாள். "எங்க அண்ணன் சம்பாதிச்சது குடும்பத்துக்குப் பொது" என்றாள். அந்த ஊரில் அதற்கு மறுபேச்சு கிடையாது. நிலம் பொது, தென்னை பொது, கடல் பொது; கூடப் பிறந்தவள் வந்து கேட்டால் இல்லை என்று சொல்வது செத்தவனுக்குச் செய்கிற அவமானம். பெபெதுவா ஃப்ரீசரைத் திறந்தாள். உள்ளே இருந்த கோழிக்காலை மட்டும் எடுத்து வெளியே வைத்தாள். ஃப்ரீசர் ஓடுபாதையைக் கடந்து நாலு பேர் தோளில் போயிற்று. அடுத்த மாதம் அங்கே நீலக் கதவுக் கடை திறந்தது. லோசலினின் கணவன் எப்போதோ நௌருவுக்கு வேலைக்குப் போய்த் திரும்பாதவன். அவளுக்கும் பிழைப்பு வேண்டியிருந்தது. அது நியாயம்தான். அந்த நியாயத்தைத்தான் பெபெதுவாவால் மன்னிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை. எல்லாம் பலகையில்தான். காலையில் எழுந்ததும் பெபெதுவா கிலிஃபியின் கப்பல் தொலைநோக்கியை எடுத்து ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் பார்ப்பாள். சர்க்கரை இரண்டு நாற்பது என்று இருந்தால் இவள் இரண்டு முப்பத்தைந்து எழுதுவாள். மாவில் அவள் ஏற்றினால் இவள் அரிசியில் இறக்குவாள். கப்பல் தாமதமாகி ஊரில் சரக்கே இல்லாத வாரங்களில்கூட இல்லாத அரிசிக்கு இரண்டு பேரும் போட்டி போட்டு விலை எழுதி வைத்தார்கள். ஏழு மணிக்கு நீலக் கதவு திறக்காவிட்டால் பெபெதுவாவுக்கு இருப்புக்கொள்ளாது.

"அந்தப் பக்கம் யாருக்காச்சும் காய்ச்சலா?" என்று வருகிறவர்களிடம் கேட்பாள்.

"ஏன், அக்கறையா?"

"அக்கறையாவது மண்ணாவது. வெல பாக்கணும்ல."

பெயர் போடுகிற கடைசி நாள் சாயங்காலம். விமானம் இல்லாத நாட்களில் ஓடுபாதைதான் ஊரின் மைதானம். பிள்ளைகள் வலை கட்டிக் கைப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து நின்றது. லோசலின் நடுவில் நடந்து வந்துகொண்டிருந்தாள். நல்ல பாவாடை, தலையில் பூ மாலை, கையில் மடித்த பணம். ஆட்டக்காரர்கள் வழிவிட்டார்கள்.

"தலோஃபா அண்ணி."

ஆறு வருஷத்தில் முதல் வார்த்தை, அதுவும் வணக்கம். பெபெதுவா பிஸ்கட் அடுக்குவதை நிறுத்தவில்லை. "தலோஃபா. வழி தவறிட்டியா?"

"தவறலை. நேராத்தான் வந்தேன்."

"வெல தெரியணும்னா பலகையில இருக்கே. கண்ணு மங்கிடுச்சா?"

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. நேத்து வெலய அரைகுறையா அழிச்சுட்டு அதுமேலயே எழுதறீங்க, அதுகூடத் தெரியுது." லோசலின் கல்லாவின் மேல் சாய்ந்தாள். "அட்டைய மூடிட்டாங்க அண்ணி."

"யாரு?"

"பேங்க்காரன். ஒரே தொகை, திரும்பத் திரும்ப, நடுக்கடல்லேர்ந்து. எவனோ திருடன் அட்டையத் தேய்க்கிறான்னு நெனச்சு மூடிட்டான்."

பெபெதுவா சிரித்துவிட்டாள், சிரித்ததற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது. "கடேசில திருடியக் கண்டுபுடிச்சிட்டான்ல."

"சொல்லுங்க, சொல்லுங்க. உங்க முறை." லோசலின் கோபப்படவில்லை. "ஊர்ப் பேரெல்லாம் போட்டேன். என் பேர மட்டும் கடேசில போட்டுக்கலாம்னு வச்சிருந்தேன். சியூலாவுக்குக் கொழந்த பொறந்து மூணு மாசம். போன்ல காட்டறா. கண்ணாடிக்குள்ள இருக்கற மீன் மாதிரி இருக்கு. மோந்து பாக்க முடியல அண்ணி."

பெபெதுவா கணினியின் முன்னால் உட்கார்ந்தாள். "பொறந்த தேதி சொல்லு."

"எவ்வளவு?"

"வாடிக்கைக்கு இருபத்தஞ்சு. எதிர்க்கடைக்கு முப்பது."

"நூடுல்ஸ்?"

"கெடையாது."

லோசலின் முப்பதை எண்ணி வைத்தாள். முகம் சுளிக்கவில்லை, ஒரு டாலர் குறை என்று கேட்கவில்லை. பேரம் பேசாமல் பணத்தை வைக்கிறவளை எந்த வியாபாரியும் நம்ப மாட்டான். பெபெதுவா நோட்டுகளை இன்னொரு தடவை எண்ணினாள். இவள் உண்மையாகவே போகப் போகிறாள் என்று அப்போதுதான் உறைத்தது. விரல் பெயரைத் தட்டியது, தட்டு வானத்தோடு பேசியது, லபானாவின் அட்டையிலிருந்து பணம் போயிற்று.

ஊரில் மின்னஞ்சல் இல்லாதவர்கள் எல்லாருக்கும் பெபெதுவா தன் கடையின் முகவரியையே போட்டிருந்தாள். அவசரத்தில் லோசலினுக்கும் அதையே போட்டாள். அதனால் குலுக்கலில் விழுந்த செய்தி ஒவ்வொன்றும் முதலில் அவள் கடைக்கு வந்தது. ஜூலை கடைசியில் ஒரு காலை ஆறு பெயர்கள் வந்தன. நாலாவது லோசலின்.

ஐந்து பேருக்குச் சொல்லி அனுப்பினாள். அவர்கள் வந்து கத்தினார்கள், அழுதார்கள், அவளைக் கட்டிக்கொண்டு மூக்கோடு மூக்கு உரசினார்கள், கடனுக்குப் பெட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். நாலாவது செய்தியை அவள் மூடி வைத்தாள்.

குறித்த நாளுக்குள் விசாவுக்கு எழுதாவிட்டால் இடம் போய்விடும். யாருக்கும் தெரியப்போவதில்லை. குலுக்கலில் விழவில்லை என்று ஊரில் பாதிப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களோடு இவளும் ஒருத்தி. அவள் இருப்பாள், நீலக் கதவு திறக்கும், காலையில் பார்ப்பதற்கு ஒரு பலகை இருக்கும். அவ்வளவுதான் பெபெதுவா கேட்டது. அது பெரிய கோரிக்கை என்று அவளுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் எதிர்ப் பலகையில் சர்க்கரை பத்து சென்ட் இறங்கியிருந்தது. பெபெதுவா சாக்பீஸை எடுத்தாள். கை எழுதவில்லை. அதற்கடுத்த நாள் அங்கே மாவும் இறங்கியது. இவள் பலகை அப்படியே இருந்தது. சனங்கள் ஓடுபாதையைக் கடந்து அந்தப் பக்கம் போனார்கள்.

"என்னம்மா, ஒடம்பு சரியில்லையா?" என்றார் பாய்சி. "அங்க மாவு என்ன வெல தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

விலையை இறக்கி ஒருத்தியைத் தோற்கடிப்பது ஒன்று. அவளுடைய சரக்கையே ஒளித்து வைத்துக்கொண்டு அவளோடு போட்டி போடுவது வேறு. முன்னதற்குப் பெயர் வியாபாரம். இரண்டாவதைச் செய்கிறவன் தராசைத் தொடக்கூடாது. பெபெதுவாவுக்கு நல்லது கெட்டது பற்றிப் பெரிய படிப்பு கிடையாது, ஆனால் தராசைப் பற்றித் தெரியும். மூன்றாம் நாள் மத்தியானம் அச்சடித்த தாளை மடித்து எடுத்துக்கொண்டு ஓடுபாதையில் இறங்கினாள். தார் சுட்டது. அந்தப் பக்கத்துக்கு அவள் ஆறு வருஷமாகப் போனதில்லை.

"நாத்தனாரே, உனக்கு ஒரு சாமான் வந்திருக்கு."

லோசலின் தாளை வாங்கிப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். பிறகு மூலையில் இருந்த தேதியில் விரலை வைத்தாள். "இது திங்கக்கெழம வந்தது."

"ஆமா."

"இன்னிக்கு வியாழக்கெழம."

"இணையம் சரியில்ல."

"நேத்து பாய்சியோட பேரன் உங்க கட வாசல்ல ஒக்காந்து போன்ல ரக்பி பாத்துட்டிருந்தான்."

"அவனுக்கு வந்துது. எனக்கு வரல."

லோசலின் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது கத்துவாள் என்று பெபெதுவா எதிர்பார்த்தாள். கத்தினால் நன்றாக இருந்திருக்கும். லோசலின் ஃப்ரீசரைத் திறந்து ஒரு ஆரஞ்சு ஐஸை எடுத்து நீட்டினாள். "சாப்புடுங்க அண்ணி. வெயில்ல வந்திருக்கீங்க."

பெபெதுவா நின்றுகொண்டே சாப்பிட்டாள். காசு கொடுக்கப் போனதற்கு லோசலின் வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

விசா அக்டோபரில் வந்தது. நவம்பர் முதல் வியாழக்கிழமை விமானம். அதற்குள் கடைச் சரக்கை விற்றுத் தீர்க்க வேண்டும்; மொத்தமாக வாங்க ஊரில் பெபெதுவாவை விட்டால் ஆள் இல்லை. அது இரண்டு பேருக்கும் தெரியும். பேரத்தில் அது லோசலினுக்கு நஷ்டம். ஆனால் பெபெதுவா அதை ஒரு தடவைகூட ஆயுதமாக எடுக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் முடிக்கக்கூடிய கணக்கை அவள் ஒன்பது சாயங்காலங்களுக்கு இழுத்தாள். தினமும் நாலு மணிக்குத் தன் கடையைச் சாத்திவிட்டு வந்து பிஸ்கட் டின்மேல் உட்காருவாள்.

"இந்த அரிசி மூட்ட எலி கடிச்சிருக்கு."

"எலி நம்ம ஊர் எலி அண்ணி, கடிச்சா ருசி கூடும்."

"ரெண்டு டாலர் கொறை."

"ஒன்னு."

"ஒன்னரை. அந்தப் பவுடர் டப்பா எத்தனை?"

"நாப்பத்தாறு. விருந்துல போறவங்க கழுத்துலெல்லாம் போட்டது போக மிச்சம். இப்ப ஊர்ல நல்லா ஓடற சரக்கு அதான்."

"இனிமே யாரு போகப்போறா?"

"எல்லாரும்தான்" என்றாள் லோசலின்.

பெபெதுவா பவுடரை அவள் சொன்ன விலைக்கே எடுத்துக்கொண்டாள்.

எட்டு சாயங்காலங்களில் அலமாரிகள் காலியாயின. மாவு, மீன் டின், சோப்பு, தூண்டில் கயிறு எல்லாம் தள்ளுவண்டியில் ஓடுபாதையைக் கடந்தன. ஒவ்வொரு அலமாரி காலியாகும்போதும் கடைக்குள் குரல் கொஞ்சம் அதிகமாக எதிரொலித்தது. கடைசியில் ஃப்ரீசர் மட்டும் நின்றது.

"முந்நூறு" என்றாள் லோசலின்.

"என் புருஷன் வாங்கினத எனக்கே விக்கிறியா?"

"எங்க அண்ணன் வாங்கினது."

"சரி, பாதிப் பாதின்னு வை. முந்நூத்துல நூத்தம்பது என்னோடது. அதக் கழிச்சா நீ கேக்க வேண்டியது நூத்தம்பது."

"அப்ப இத்தன வருசம் துருப்பிடிக்காம பாத்துக்கிட்டேனே, அதுக்குக் கூலி?"

"கோழிக்கால் போட்டுக் காசு பாத்தியே, அது கூலி."

"மூடி ரப்பர் புதுசு. சுவாலேர்ந்து கப்பல்ல வரவழைச்சேன்."

"மோட்டார் கொறட்ட விடுது. உங்க அண்ணன மாதிரியே."

லோசலின் சிரித்தாள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஃப்ரீசரின் மூடிமேல் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்கள். உள்ளே ஒன்றும் இல்லை. மோட்டார் மட்டும் குறட்டை விட்டது.

"நூத்து நாப்பது" என்றாள் லோசலின். "இதுக்குக் கீழ எறங்க மாட்டேன்."

பெபெதுவா நூறை எண்ணிக் கையில் வைத்தாள். "நாப்பது அப்புறம் தரேன்."

"எப்ப?"

"கப்பல் வரட்டும்."

இடுப்புப் பையில் இன்னும் இருநூறு இருந்தது. பெபெதுவா அதைத் தொடவில்லை. லோசலின் அந்தப் பையைப் பார்த்தாள், அதன் கனத்தையும் பார்த்தாள். வியாபாரியின் கண்ணுக்கு அது தெரியாமல் போகாது. "சரி" என்றாள். "கப்பல் வரட்டும்."

புதன்கிழமை மனேயாபா மண்டபத்தில் விருந்து. பன்றி, மீன், தேங்காய்ப்பாலில் வெந்த புலாக்கா கிழங்கு, பெட்டிமேல் தட்டித் தட்டி ஆட்டம். ஆடுகிறவர்கள் கழுத்திலும் தோளிலும் பவுடரைக் கொட்டிச் சென்ட் அடிப்பார்கள். போகிறவளுக்கு அன்றைக்கு இன்னும் அதிகம். பவுடர் முழுக்க பெபெதுவாவின் கடையிலிருந்து வாங்கியது. லோசலின் அவளுக்கு விற்ற அதே டப்பாக்கள். பெபெதுவா ஒரு டப்பாவைத் திறந்து நாத்தனாரின் கழுத்தில் கொட்டினாள். பாதிக்குமேல் கொட்டிவிட்டாள்.

"போதும் அண்ணி, விக்கிற சரக்கு."

"இது நான் காசு குடுத்து எடுத்தது. வாய மூடு."

வியாழக்கிழமை, விமானம் வருகிறதென்று தீயணைப்பு வண்டியின் சங்கு அலறியது. நாய்களும் பிள்ளைகளும் ஓடுபாதையை விட்டு விலகினார்கள். விமானம் இறங்கி ஒரு மணி நேரம் நின்றது. லோசலின் கழுத்து நிறைய மாலையோடு, கையில் சியூலாவுக்குப் பாய் ஒன்றைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவரையும் மோந்துவிட்டுக் கடைசியாக பெபெதுவாவிடம் வந்தாள்.

"அந்த நாப்பது."

"தரேன்டி, போ."

பெபெதுவா தன் கடை வாசலுக்குத் திரும்பி அங்கிருந்து பார்த்தாள். விமானம் இரண்டு கடைகளுக்கும் நடுவில் ஓடியது. அது இருந்த நேரம் நீலக் கதவு மறைந்தது. அது எழும்பிப் போனதும் நீலக் கதவு மறுபடி தெரிந்தது, சாத்தியபடி.

அந்த வாரமே அவள் சர்க்கரையில் பத்து சென்ட் ஏற்றினாள். மறுவாரம் மாவில் ஏற்றினாள். கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஊரில் ஒரே கடை என்பது எந்த வியாபாரியும் தூக்கத்தில் சிரிக்கிற கனவு. லாபம் அவள் பார்த்திராத அளவுக்கு வந்தது. காலையில் பலகையை எழுதும்போது மட்டும் சாக்பீஸ் கையில் நின்றது. அந்தப் பக்கப் பலகையில் மழை பட்டு, கடைசியாக எழுதிய அரிசி விலை கரைந்துகொண்டிருந்தது.

"இத யாருக்கும்மா எழுதற?" என்றார் பாய்சி. "எங்களுக்குத்தான் வெல தெரியுமே."

அவர் குலுக்கலில் விழவில்லை. அடுத்த வருஷமும் போடுவாராம், சோடா தருவதாக இருந்தால்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் போன் வரும். முதல் மாதம் தவறாமல் வந்தது.

"நாப்பது எங்க?"

"கப்பல் வரல."

"கப்பல் வந்ததப் பேஸ்புக்ல பாத்தேனே. கோழிக்கால் எறக்கறப்போ நீங்களே நிக்கிறீங்க."

"வந்தது வேற கப்பல். அது கோழிக் கப்பல். நான் சொன்னது மாவுக் கப்பல்."

"அது எப்ப வரும்?"

"கடல்கிட்டதான் கேக்கணும். மூடி ரப்பர் கிழிஞ்சிருக்கு, பாத்தியா? அதுக்கு அஞ்சு கழிச்சுக்கறேன்."

"கிழியல. கிழிச்சீங்க. அஞ்சு கூட்டிக்கறேன், நாப்பத்தஞ்சு."

இப்படி அரை மணி ஓடும். குழந்தையைப் பற்றி ஐந்து நிமிஷம், ஃப்ரீசரைப் பற்றி இருபத்தைந்து நிமிஷம். போனை வைத்த பிறகு பெபெதுவா தேநீர் போட்டுக்கொண்டு கிலிஃபியின் சமாதிப் பக்கம் உட்கார்ந்து, அடுத்த வாரம் எதைக் கழிக்கலாம் என்று யோசிப்பாள்.

பிறகு லோசலினுக்கு வேலை கிடைத்தது. வயசானவர்களைப் பார்த்துக்கொள்கிற இல்லம் ஒன்றில், இரவு வேலை. போன் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆனது. அப்புறம் மாதம் ஒருமுறை. அங்கே நம் ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு மண்டபம் வாடகைக்கு எடுத்து ஞாயிற்றுக்கிழமை பாடுகிறார்கள், பாய்சியின் தம்பி மகனும் அங்கேதான், எல்லாரும் இருக்கிறார்கள் என்று சொன்னாள். எல்லாரும் என்ற வார்த்தையை அவள் சந்தோஷமாகச் சொன்னாள். அங்கே மாவு என்ன விலை என்று பெபெதுவா கேட்டாள். லோசலினுக்குத் தெரியவில்லை. "பாக்கறதில்ல அண்ணி. எடுத்துக் கூடையில போடறதுதான்."

மார்ச் மாதம், கடல் பொங்கி ஏறுகிற நாட்களில், தரைக்கு அடியிலிருந்து தண்ணீர் ஊறிக் கடைக்குள் கணுக்கால் அளவு நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. மூட்டைகளைப் பலகைமேல் ஏற்றிக்கொண்டிருந்த பெபெதுவா ஈரக் கையோடு எடுத்தாள். பின்னால் குழந்தை கத்திக்கொண்டிருந்தது, கார் சத்தம்.

"அண்ணி, நல்லா இருக்கீங்களா? தண்ணி வந்திருக்காமே."

"வந்திருக்கு. ஃப்ரீசருக்குக் கீழ கல்லு வச்சுட்டேன். கல்லுக்கு ஆறு டாலர். உன் கணக்குல கழிச்சுக்கறேன்."

"அதச் சொல்லத்தான் கூப்ட்டேன். அந்த நாப்பத விட்டுடுங்க."

"என்னது?"

"வேணாம் அண்ணி. இங்க ஞாயித்துக்கெழம ஒரு நாள் வேலைக்கே முந்நூறுக்கு மேல தர்றாங்க. நாப்பத வச்சு நான் என்ன செய்யப்போறேன்? அண்ணனோடதுதானே அது. உங்களுக்கே."

"நான் தரேன்னு சொன்னேன்ல."

"அதான் வேணாம்ங்கறேன்ல. நிம்மதியா இருங்க." குரலில் பிரியம் இருந்தது. கேலி இல்லை, தந்திரம் இல்லை. பெபெதுவா தேடிப் பார்த்தாள், கொஞ்சம்கூட இல்லை.

"முப்பதாவது வாங்கிக்கோ."

"இல்ல அண்ணி."

"இருபத்தஞ்சு. அதுக்குக் கீழ எறங்க மாட்டேன்."

லோசலின் சிரித்தாள். "நீங்க ஒரு ஆளு. குடுக்கறதுக்கு யாராச்சும் பேரம் பேசுவாங்களா?"

"இருபது. லோசலின், இருபது."

"சரி அண்ணி, வண்டி நிறுத்தற எடம் வந்துடுச்சு. பாப்பா வேற அழுது. அப்புறம் பேசறேன். ஒடம்பப் பாத்துக்கோங்க."

பெபெதுவா போனைக் காய்ந்த இடமாகப் பார்த்து வைத்தாள். மிச்சமிருந்த இரண்டு மாவு மூட்டைகளையும் பலகைமேல் ஏற்றினாள். சாயங்காலம் தண்ணீர் வடிந்தது. கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து கணக்குப் புத்தகத்தில் லோசலின் பக்கத்தை எடுத்தாள். ரப்பருக்குக் கழித்த ஐந்தையும், அவள் கூட்டிய ஐந்தையும், கல்லுக்குப் போட்ட ஆறையும் அடித்தாள். கீழே எழுதினாள்.

ஃப்ரீசர், நூற்று நாற்பது. கொடுத்தது, நூறு. தள்ளுபடி, நாற்பது. பாக்கி, ஒன்றுமில்லை.